அம்மாவின் பெயரைக் கூப்பிட்டபோது

எங்கள் வீட்டில் கேட்கிற காது என்னுடையது மட்டும்தான். அப்பாவுக்கும் நன்றாகவே கேட்கும். ஆனால் அவர் சிங்கப்பூரில் கட்டட வேலையில் இருந்தார். அம்மாவுக்குப் பிறவியிலிருந்தே கேட்காது. ஆகவே, அன்னவாசலுக்குப் பக்கத்தில் இருந்த அந்த வீட்டுக்குள் வரவேண்டிய சத்தங்கள் எல்லாம் என் வழியாகத்தான் வந்தாக வேண்டும். குக்கர் விசில், வாசலில் தபால்காரர் மணி, ரேஷன் கடையில் பாமாயில் தீர்ந்துவிட்ட செய்தி என்று எதுவானாலும் நான் கேட்டு, அம்மாவின் தோளைத் தொட்டு, கையாலும் உதட்டாலும் சொல்வேன். ஞாயிற்றுக்கிழமை அப்பா போன் செய்தால், அவர் அம்மாவிடம் சொல்ல நினைப்பதையும் நான்தான் வாங்கிக் கொடுக்க வேண்டும். "அம்மாவ ஒடம்பப் பாத்துக்கச் சொல்லு" என்பதைத் தாண்டி அவர் போனதே இல்லை. மகள் வழியாக மனைவியிடம் வேறு என்னதான் சொல்ல முடியும் என்பது இப்போது புரிகிறது.

இந்த வேலையில் எனக்குப் பெருமை அதிகம். சில சலுகைகளும் உண்டு. பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம் நடந்தபோது கணக்கு டீச்சர் அம்மாவிடம், "ஒங்க பொண்ணு கிளாஸ்ல வாய மூடவே மாட்டேங்குதுங்க" என்றார். நான் அம்மாவின் பக்கம் திரும்பி, நான் தைரியமாகப் பேசுவதாக டீச்சர் பாராட்டுகிறார் என்று சொன்னேன். அம்மா நெகிழ்ந்துபோய் டீச்சரைக் கும்பிட்டாள். டீச்சர் குழம்பிப்போய்ப் பதிலுக்குக் கும்பிட்டார்.

அம்மா நன்றாகத் தைப்பாள். ஊரில் பாதிப் பேருக்கு அவள்தான் ஜாக்கெட் தைத்துக் கொடுத்தாள். ஆனால் மெஷின் அடுத்த வீட்டில், அத்தையிடம் இருந்தது. அத்தை டிவியில் சீரியல் பார்க்கும்போது மெஷின் சத்தம் ஆகாது. தன் கால் மிதிக்கிற மிதியில் எவ்வளவு சத்தம் வருகிறது என்று அம்மாவுக்கு எப்படித் தெரியும்? "மெதுவா மிதிக்கச் சொல்லுடி" என்று அத்தை உள்ளிருந்து கத்துவாள். நான் போய் அம்மாவின் முழங்காலைத் தொடுவேன். அம்மா உடனே காலை எடுத்துவிட்டு, சீரியல் முடியும்வரை துணியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். தைக்கத் தெரிந்த மாற்றுத்திறனாளிகளுக்கு அரசாங்கம் மோட்டார் வைத்த தையல் மெஷின் கொடுக்கிறது என்று தெரிந்த நாளிலிருந்து அம்மா அந்த மெஷினைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தாள்.

மனு கொடுத்து, நேர்காணலுக்குக் கடிதம் வந்து, முதல் முறை தனியாகவே புதுக்கோட்டைக்குப் போனாள். காலை ஒன்பது மணிக்கு அந்த அலுவலகத்துக் கூடத்தில் உட்கார்ந்தவள், கூடம் காலியாகிக் கூட்டுகிற அம்மாள் துடைப்பத்தோடு வரும்வரை உட்கார்ந்தே இருந்திருக்கிறாள். அவள் பெயருக்கு நேராக 'ஆஜராகவில்லை' என்று எழுதிவிட்டார்கள். பெயரைக் கூப்பிட்டார்களாம், யாரும் எழுந்து வரவில்லையாம்.

அதனால் இரண்டாம் கடிதம் வந்ததும் என்னையும் கூட்டிக்கொண்டு போவது என்று முடிவாயிற்று. அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. அன்று பார்த்து எனக்கு அரையாண்டுக் கணக்குப் பரீட்சை. காலையில் ஜடை பின்னிவிடும்போது அம்மாவின் விரல்கள் இரண்டு முறை நடுவில் நின்றன. அவள் என்ன யோசித்தாள் என்று நான் கவலைப்படவில்லை. கணக்குப் பரீட்சையிலிருந்து தப்பித்த சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. என் ஒரே வேலை அம்மாவின் பெயர் எப்போது வருகிறது என்று கேட்பது. அதற்கு வகுத்தல், பெருக்கல் எதுவும் வேண்டாம்.

அந்த அலுவலகம் மாடியில் இருந்தது. கால் வராதவர்கள் ஒவ்வொரு படியாக உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினார்கள். ஒருவர் ஊன்றுகோலை மேலே நிற்பவரிடம் கொடுத்துவிட்டுக் கைகளை ஊன்றி ஏறினார். எனக்கு அது விநோதமாகவே படவில்லை. அலுவலகம் என்றால் மாடியில்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

கூடத்தின் கோடியில், உள்ளறைக் கதவுக்குப் பக்கத்தில் மேசை போட்டு ஒரு கிளார்க் உட்கார்ந்திருந்தார். பட்டியலைப் பார்த்துப் பெயர் வாசிப்பார். வாசித்துவிட்டு ஒருமுறை நிமிர்ந்து பார்ப்பார். ஆள் வராவிட்டால் இன்னொரு முறை வாசிப்பார். அதோடு சரி. மின்விசிறிச் சத்தத்துக்கும் குழந்தைகளின் அழுகைக்கும் நடுவில் நான் காதைத் தீட்டிக்கொண்டு, பெஞ்சின் நுனியில் உட்கார்ந்திருந்தேன். ஒரு மணி நேரம் அப்படி இருந்தேன். சத்தியமாக இருந்தேன்.

அப்போதுதான் பச்சைச் சேலை கட்டிய ஒரு அம்மாள் படியேறி வந்து, கூடத்தைச் சுற்றிப் பார்த்தவள், எங்கள் பெஞ்சைப் பார்த்ததும் அப்படியே நின்றாள். அம்மாவும் எழுந்துவிட்டாள். இருவரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். பிறகு கைகளை விடுவித்துக்கொண்டு பேச ஆரம்பித்தார்கள். அம்மா சின்ன வயதில் தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு காது கேளாதோர் விடுதிப் பள்ளியில் எட்டாவது வரை படித்தவள். பச்சைச் சேலைக்காரி அங்கே அவளுடைய பக்கத்துக் கட்டில் தோழி என்று பின்னால் தெரிந்துகொண்டேன்.

அம்மா பேசி நான் அதுவரை பார்த்ததே இல்லை. வீட்டில் எனக்கும் அவளுக்கும் இடையில் இருந்தது சோறு, தண்ணீர், தூக்கம், பஸ், அப்பா என்கிற மாதிரி ஒரு நூறு சைகைகள். அந்தப் பள்ளிக்கூடத்துக் கைமொழி எங்கள் ஊரில் யாருக்கும் தெரியாது. நாலு பேர் முன்னால் கையை ஆட்டினால் அத்தைக்கு வெட்கமாகவும் இருக்கும். அதனால் அம்மா அதை விட்டுவிட்டிருந்தாள். இப்போது அவள் விரல்கள் பறந்தன. புருவம் ஏறி இறங்கியது. யாரோ ஒரு வார்டன் மூக்குக்கண்ணாடியை எப்படித் தூக்கிவிடுவார் என்று நடித்துக் காட்டினாள் போலிருக்கிறது, தோழி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அம்மா அவளை இடைமறித்தாள், கிண்டல் செய்தாள், ஏதோ ஒன்றுக்குச் சண்டைகூடப் போட்டாள். எனக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். என் அம்மாவுக்குள் இப்படி வாயாடி ஒருத்தி இருந்தாளா?

எவ்வளவு நேரம் அப்படிப் பார்த்தேனோ தெரியாது. ஊன்றுகோல் வைத்திருந்த அந்த மனிதர் என் முழங்கையைத் தட்டினார்.

"பாப்பா, ரெண்டு தடவ ஒரு பேரச் சொல்லிக் கூப்புட்டாங்களே, இங்கிருந்து யாரும் போகலயே. ஒங்கம்மா பேரா அது?"

அந்தப் பெயரையும் சொன்னார். அது அம்மாவின் பெயர்தான்.

நான் மேசைப் பக்கம் பார்த்தேன். கிளார்க் அதற்குள் வேறு யார் யாரையோ கூப்பிட்டுவிட்டிருந்தார். அம்மா என் பக்கம் திரும்பி, புருவத்தை உயர்த்திக் கேட்டாள். கூப்பிட்டார்களா? நான் இல்லை என்று தலையாட்டினேன். அவள் மறுபடி தோழியிடம் திரும்பிக்கொண்டாள். அதன்பிறகு ஒரு மணி நேரம், அம்மாவின் பெயரை மூன்றாவது தடவையும் கூப்பிடச் சொல்லி எனக்குத் தெரிந்த சாமி எல்லாவற்றையும் வேண்டிக்கொண்டேன். யாரும் கூப்பிடவில்லை.

சாப்பாட்டு நேரம் வந்தது. கிளார்க் பட்டியலை மடித்து வைத்துவிட்டு டிபன் டப்பாவைத் தேடினார். அம்மா எழுந்து நேராக மேசைக்குப் போனாள். தோழியும் போனாள். நானும் போக வேண்டியதாயிற்று. அம்மா கடிதத்தை நீட்டினாள்.

கிளார்க் பட்டியலைப் பிரித்துப் பார்த்தார். "ரெண்டு தடவ கூப்புட்டேனேம்மா. வரலன்னு எழுதியாச்சு. அடுத்த கேம்ப்புக்கு வாங்க." தோழியின் கடிதத்தையும் பார்த்தார். "இவங்களையும்தான் கூப்புட்டேன்."

அம்மா என் முகத்தைப் பார்த்தாள். நான் சொல்ல வேண்டும். சாப்பிட்டுவிட்டு வரச் சொல்கிறார் என்று சொல்லியிருக்கலாம். இன்றைக்கு அதிகாரி லீவு என்று சொல்லியிருக்கலாம். கணக்கு டீச்சர் சொன்னதையே மாற்றிச் சொன்ன எனக்கு இதெல்லாம் பெரிய காரியமில்லை. ஆனால் அம்மாவின் முகம் இன்னும் சிரிப்பு முழுவதும் கலையாமல் இருந்தது. என்னால் முடியவில்லை. கூப்பிட்டார்கள், நான் கேட்கவில்லை, என்று சொன்னேன். சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தேன்.

"கூடத்தான் புள்ளயக் கூட்டியாந்திருக்கீங்கல்ல? அதுக்குக் காது கேக்கும்ல?" என்றார் கிளார்க். அம்மாவுக்குக் கேட்காது என்று தெரிந்தும் குரலை நன்றாக உயர்த்தித்தான் சொன்னார்.

அம்மா என் தலையில் ஒரு கையை வைத்தாள். இன்னொரு கையால் அவர் சட்டைப்பையில் இருந்த பேனாவை உருவினாள். எனக்கு அழுகையே நின்றுவிட்டது. அம்மா இப்படியெல்லாம் செய்கிறவளே இல்லை. மேசையில் கிடந்த ஒரு தாளைத் திருப்பிப் போட்டு, விடுதிப் பள்ளியில் கற்ற குண்டு குண்டான எழுத்தில் எழுதினாள்.

'எனக்குக் காது கேட்காது என்று உங்கள் பட்டியலிலேயே எழுதியிருக்கிறது. பிறகு ஏன் வாயால் கூப்பிட்டீர்கள்?'

கிளார்க் அதைப் படித்தார். திரும்பவும் படித்தார். அந்த நேரம் பார்த்து உள்ளறையிலிருந்து அதிகாரி அம்மாள் கையில் சாப்பாட்டுப் பையோடு வெளியே வந்தார். கிளார்க் தாளை அவரிடம் நீட்டினார். அவர் படித்துவிட்டு அம்மாவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "ஏன் பாப்பா அழுற? ஸ்கூலுக்குப் போகலயா?" என்றார். அம்மா அவர் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டிருக்க வேண்டும். தாளைத் திரும்ப வாங்கி, கீழே இன்னொரு வரி எழுதினாள்.

'இன்று இவளுக்குப் பரீட்சை. உங்கள் குரலைக் கேட்பதற்காக அதை விட்டுவிட்டு வந்திருக்கிறாள்.'

அதிகாரி சாப்பாட்டுப் பையை மேசைமேல் வைத்தார். "இவங்க கேக்குறது சரிதானங்க? காது கேக்காதவங்களப் பேர் சொல்லிக் கூப்புட்டா எப்புடி வருவாங்க?"

"எப்பவும் இப்புடித்தான் மேடம் கூப்புடுறோம்" என்றார் கிளார்க். அவர் பொய் சொல்லவில்லை. எப்போதும் அப்படித்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். போன தடவை எத்தனை பேர் கூப்பிட்டும் வராமல் போனார்கள் என்று அதிகாரி கேட்டதற்கு, அவர் பட்டியலின் பழைய பக்கங்களைப் புரட்டி எண்ண ஆரம்பித்து, பாதியிலேயே மூடி வைத்தார்.

மதியத்துக்கு மேல் எல்லோருக்கும் துண்டுத்தாளில் நம்பர் கொடுத்தார்கள். கிளார்க் பழைய காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் நம்பரைப் பெரிதாக எழுதி, இரண்டு கையாலும் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு கூடத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். முதல் இரண்டு சுற்றுக்கு அவருக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. மூன்றாவதிலிருந்து பழகிவிட்டது. கண் தெரியாதவர்களுக்காக நம்பரைச் சத்தமாகவும் சொன்னார். அம்மாவின் முறை வந்ததும் நான் கோட்டைவிட்ட வேலையை ஈடுகட்டிவிடும் வேகத்தோடு எழுந்தேன். அம்மா என்னை உட்காரச் சொல்லிவிட்டுத் தனியாகவே உள்ளே போனாள். கதவு இடுக்கு வழியாகப் பார்த்தேன். அதிகாரி தாளில் எழுதிக் கேட்டுக்கொண்டிருந்தார். அம்மா எழுதிப் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். சிரிக்கக்கூடச் செய்தார்கள். என்னை யாரும் தேடவில்லை.

மெஷின் உடனே வந்துவிடவில்லை. கோடை கழிந்துதான் வந்தது. வந்த அன்று அம்மா அதை வாசலை ஒட்டிய அறையில் போட்டு, அத்தையின் சீரியல் நேரத்தில் வேண்டுமென்றே ஓட்டினாள் என்பது என் சந்தேகம்.

ஆனால் என் மனதில் நின்றது மெஷின் அல்ல. மெஷின் வருவதற்கு முன்பே இன்னொரு கடிதம் வந்தது. ஏதோ சான்றிதழைக் கொண்டுவந்து சரிபார்க்கச் சொல்லி. எனக்கு அது என்ன கிழமை, எத்தனை மணி என்பதெல்லாம் மனப்பாடம். அன்று காலையில் நானாகவே சீக்கிரம் எழுந்து, நல்ல பாவாடையைக் கட்டிக்கொண்டு தயாராக நின்றேன். இந்த முறை கண்ணை எங்கும் திருப்புவதில்லை என்று சபதமே செய்திருந்தேன். அம்மா என்னைப் பார்த்தாள். கொடியிலிருந்து யூனிபாரத்தை எடுத்துக் கையில் கொடுத்தாள். அவளுடைய பைக்குள் ஒரு நாற்பது பக்க நோட்டும் புதுப் பேனாவும் இருந்தன.

நான் அழுதேன், கெஞ்சினேன், இனிமேல் நன்றாகக் கேட்பேன் என்று காதைத் தொட்டுத் தொட்டுக் காட்டினேன். அவள் என் கையைக் காதிலிருந்து எடுத்துவிட்டு, புத்தகப் பையை முதுகில் மாட்டி, பள்ளிக்கூடம் இருந்த தெருப் பக்கம் திருப்பி விட்டாள். அவள் மட்டும் பஸ் ஸ்டாப்புக்கு நடந்தாள். அதற்குப் பிறகு எந்த அலுவலகத்துக்கும் அவள் என்னைக் கூட்டிக்கொண்டு போகவே இல்லை.

ஒரே ஒரு தடவை தவறவிட்டதற்கு இவ்வளவு பெரிய தண்டனையா என்று வகுப்பில் உட்கார்ந்து மருகினேன். அம்மாவுக்கு என்மேல் நம்பிக்கை போய்விட்டது என்றே பல வருஷம் நினைத்திருந்தேன். அவள் அன்று பையில் நோட்டைப் போட்டுக்கொண்டு கிளம்பியது, அந்த அலுவலகம் செய்ய வேண்டிய வேலையை அந்த அலுவலகத்திடமே கொடுத்துவிட்டு வருவதற்காக என்று எனக்கு அப்போது தெரியவில்லை.