பென்சிலில் எழுதிய வரி

அந்த ஃபைல் அட்டையின் மேல் மூலையில் பென்சிலால் ஒரு வரி இருந்தது: ‘பொண்ணு தானா வெளிய போவணும்.’ கையெழுத்து எங்கள் நடுவர் மேடத்துடையது. வார்த்தைகள், பாகூர் பக்கம் ஒரு கிராமத்தில் மளிகைக் கடை வைத்திருந்த ஒரு பாயுடையவை. அரசாங்க ஃபைலில் ‘போவணும்’ என்றெல்லாம் எழுதுவார்களா என்று அன்றைக்கு எனக்குள் ஒரே முணுமுணுப்பு. இருபது வருஷமாக ‘மேற்படி’ என்றும் ‘கனிவுடன் பரிசீலிக்க’ என்றும் தட்டித் தட்டிப் பழகிய கை என்னுடையது.

உள்ளாட்சிகள் மேல் வரும் புகார்களை விசாரிப்பதுதான் மேடத்தின் வேலை. கொம்யூன் பஞ்சாயத்தில் மனு கொடுத்து, நடையாய் நடந்து ஓய்ந்தவர்கள் கடைசியாக எங்கள் அலுவலகத்துக்கு வருவார்கள். மேடம் நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஆனாலும் அந்த மிடுக்கெல்லாம் வந்தவர்களிடம் காட்ட மாட்டார். உட்காரச் சொல்லி, மனுவை முழுக்கப் படித்து, மூடி ஓரமாக வைத்துவிடுவார். பிறகு ஒரே ஒரு கேள்வி. “சரி, இன்னா நடந்தா இது தீந்துச்சின்னு நீங்க சொல்லுவீங்க?” வந்தவர்கள் திகைத்துப் போவார்கள். அதுவரை அவர்களை யாரும் அப்படிக் கேட்டதில்லை. யோசித்து யோசித்து அவர்கள் சொல்வதை, ஒரு எழுத்தும் மாற்றாமல் அட்டையில் எழுதிக்கொள்வார். ‘வூட்டுக்குள்ள சாக்கடை வாடை வரக் கூடாது.’ ‘பஸ்ஸுல வர்ற புள்ளைங்க சேத்துல எறங்கக் கூடாது.’ ஏன் மேடம் பென்சிலில் எழுதுகிறீர்கள் என்று ஒரு நாள் கேட்டேன். “நாளைக்கு அவங்க மாத்திச் சொன்னா அழிக்கணும் இல்ல” என்றார்.

பாயின் புகார் சின்னதுதான். வாய்க்கால் தூர்வார வந்தவர்கள் அவர் வீட்டு வாசலில் மூடியிருந்த சிமென்ட் சிலாப்பைப் பெயர்த்துப் போட்டார்கள். அது இரண்டாக உடைந்தது. வேறு போடவில்லை. இதே மாதிரி சிலாப் போன மற்ற வீட்டுக்காரர்கள் பலகையைப் போட்டுத் தாண்டிக்கொண்டார்கள். பாயின் மகள் சக்கர நாற்காலியில் இருப்பவள். மூன்று தெரு தள்ளி ஒரு கணினி சென்டரில் அப்போதுதான் சேர்ந்திருந்தாள். தினமும் பாய் அவளையும் நாற்காலியையும் தனித்தனியாகத் தூக்கி அந்தப் பக்கம் வைக்க வேண்டும். கடையில் ஆள் இல்லாத நாளில் அவளுக்கு வகுப்பு இல்லை. இப்படியே வராமல் இருந்தால் பெயரை எடுத்துவிடுவோம் என்று சென்டரில் சொல்லிவிட்டார்கள்.

மேடம் பஞ்சாயத்து ஆணையருக்கு நோட்டீஸ் அனுப்பினார். சில நாட்களில் பதில் வந்தது, போட்டோவோடு. பளபளவென்று புது சிலாப். ஃபைல் முடிப்பதில் கெட்டிக்காரி என்று அலுவலகத்தில் எனக்குப் பெயர்; அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. உடனே பாய்க்கு போன் போட்டேன். “போட்டுட்டாங்கம்மா. ரொம்ப சந்தோஷம். உங்களுக்கெல்லாம் துவா செய்றேன்” என்றார். ‘தீர்வு செய்யப்பட்டது’ என்று முத்திரை குத்தி மேடம் மேஜையில் வைத்தேன்.

மேடம் போட்டோவைப் பார்க்கவில்லை. அட்டையைத்தான் பார்த்தார். “பொண்ணு தானா போச்சா?”

“சிலாப் போட்டாச்சி மேடம். அவரே சொன்னாரு.”

“நான் சிலாப்ப கேக்கல.”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இந்த அம்மாவுக்கு வேறு வேலையே இல்லையா என்று நினைத்தேன். மறுநாள் காலை பஞ்சாயத்தின் இளநிலைப் பொறியாளரையும் வரச் சொல்லிவிட்டு, என்னையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார்.

சிலாப் நன்றாகத்தான் இருந்தது. கனமாக, உறுதியாக, ஒரு லாரியே ஏறலாம். மேடம் அந்தப் பெண்ணைப் பார்த்து, “நீயே போய்க் காட்டும்மா” என்றார். அவள் சக்கரத்தை உருட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். சிலாப் தரையைவிட நாலு விரற்கடை உயரம். முன்சக்கரம் அதில் முட்டி நின்றது. பின்னால் இழுத்து மறுபடியும் முட்டினாள். பாய் பழக்கதோஷத்தில் குனிந்து தூக்கப் போனார். “வுடுங்க பாய், கை வெக்காதீங்க” என்றார் மேடம். நாங்கள் அத்தனை பேரும் சும்மா நின்றோம். மூன்றாவது முறையும் சக்கரம் முட்டியது. பொறியாளர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும்தான்.

“போட்டுக் குடுத்ததே பெருசும்மா. இதுக்குப் போயி மறுபடியும் எப்படிக் கேக்கறதுன்னுட்டு... நாலு விரக்கட தானே, தூக்கி வுட்டுக்கலாம்னு இருந்தேன்” என்றார் பாய், தப்பு செய்தவர் மாதிரி.

“ஒரு நாளைக்கு எத்தினி வாட்டி தூக்குவ அத்தா?” என்றாள் அவள். கோபமாகக்கூட இல்லை. அந்தக் குரல் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

இரண்டு பக்கமும் சிமென்ட் சரிவு போட்டுத் தந்தார்கள். அடுத்த வாரம் அலுவலகத்துக்கு ஒரு போன் வந்தது. “மேடம், நான் சென்டர்லேர்ந்து பேசறேன். நானேதான் வந்தேன்.” மேடம் ரிசீவரை வைத்துவிட்டு ஃபைலை என் பக்கம் தள்ளினார். “இப்ப குத்துங்க” என்றார். நான் குத்தியிருந்த முத்திரைக்குப் பக்கத்திலேயே இன்னொன்றைக் குத்தினேன். அந்த அட்டையில் இரண்டு முத்திரைகள் இருந்ததற்குக் காரணம் அதுதான்.

இப்போது எல்லாம் இணையதளத்தில். புகார் முடிந்தால் பச்சை நிறமாகிவிடும். நானும் ஓய்வு பெற்றுவிட்டேன். போன மாதம் மேடத்தைப் பார்க்க மூலக்குளம் போயிருந்தேன். மூட்டு அறுவை சிகிச்சைக்குப் பிறகு வாக்கர் பிடித்து நடக்கிறார். மழைத் தண்ணீர் ஏறாமல் இருக்க மகன் வீட்டை உயர்த்திக் கட்டியிருக்கிறான். வாசலில் மூன்று படி. “அம்மாவுக்கு இன்னா ஆன்ட்டி கொறச்சல்? நான் இருக்கேன், தூக்கி எறக்கிடுவேன்” என்றான். தங்கமான பிள்ளை. மேடமும் சிரித்துக்கொண்டு தலையாட்டினார். பாய் போனில் ரொம்ப சந்தோஷம் என்றாரே, அதுதான் எனக்கு ஞாபகம் வந்தது.

மேஜை மேல் பேத்தியின் பென்சில் கிடந்தது. காலண்டர் தாள் ஒன்றைக் கிழித்துத் திருப்பி வைத்துக்கொண்டு, “சரி மேடம், இன்னா நடந்தா இது தீந்துச்சின்னு நீங்க சொல்லுவீங்க?” என்று கேட்டேன். முதலில் சிரித்தார். பிறகு வாசல் கேட்டைப் பார்த்தபடி சொன்னார்.

“பூக்காரம்மா கூப்ட்டா, நானே கேட்டு வரைக்கும் போவணும்.”

அப்படியே எழுதி மகனிடம் கொடுத்தேன். அவன் இரண்டு முறை படித்துவிட்டு மேஸ்திரிக்கு போன் போட்டான்.

சரிவு போட்டாயிற்று என்று நேற்று போட்டோ அனுப்பியிருக்கிறான். வேலை சுத்தமாகத்தான் இருக்கிறது. ‘அம்மா தானா கேட்டு வரைக்கும் போனாங்களா?’ என்று எழுதிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிறேன்.