அடுப்பைப் பறிகொடுத்த வருஷம்

ரங்கூனில் குண்டு விழுந்ததும் என் கணவரின் அக்கா, எனக்கு மதினி, தன் வீட்டுக்காரரையும் மூன்று பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு காடும் மலையுமாக நடந்து, கல்கத்தாவில் ரயிலேறி, மதுரையில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். ஐந்து பேருக்கும் சேர்த்து ஒரு தகரப் பெட்டி. வீட்டுக்காரரின் பாதங்கள் வெடித்துச் சீழ் கட்டியிருந்தன. பார்த்ததும் எனக்கு மனம் இளகியது. அந்த இளக்கம் ஒரு வாரம் தாங்கியது.

ஆரப்பாளையத்தில் நாங்கள் இருந்தது ஒரு வளவு. நடுவே கிணறும் முற்றமும், சுற்றிலும் ஆறு குடித்தனங்கள். எங்கள் பங்குக்கு ஓர் அறை, புகை போக வழியில்லாத ஒரு சமையற்கட்டு. கணவர் மில் ஆபீசில் குமாஸ்தா. பல் முளைக்கிற குழந்தை ஒன்று என் இடுப்பில். இவற்றுக்கு நடுவில் நான் கதை எழுதிக்கொண்டிருந்தேன். உள்ளூரில் அச்சாகும் ஒரு பத்திரிகையில் என் தொடர்கதை வந்துகொண்டிருந்தது. புருஷன் அடி பொறுக்காமல் உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து மதுரைக்கு ஓடிவந்து, பஞ்சாலையில் வேலைக்குச் சேரும் ஒரு பெண்ணின் கதை. அவளைத் திரும்ப அழைத்துப்போக அண்ணன் வந்து ஆலை வாசலில் நிற்கிறான். அதுவரை எழுதியிருந்தேன். அப்போதுதான் மதினி வந்தாள். கதை அந்த வாசலிலேயே நின்றுவிட்டது.

நேரமில்லாமல் போனதைச் சொல்ல வேண்டியதில்லை. அரிசிக்கு வரிசை, சீமெண்ணெய்க்கு வரிசை. எட்டுப் பேருக்குச் சோறு, எட்டுப் பேர் துணி. ரங்கூனில் மதினிக்கு மாடிவீடு இருந்தது, பாத்திரம் தேய்க்க ஆள் இருந்தது. இங்கே அவள் அறையின் நல்ல மூலையைப் பிடித்துக்கொண்டு, நான் செய்வது ஒவ்வொன்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வைத்த குழம்பில் புளி கூடிவிட்டது என்பாள். குழந்தையைத் தூக்குகிற விதம் சரியில்லை என்பாள். நான் பேனாவை எடுத்தால் மட்டும் என்னிடம் பேச மாட்டாள், சுவரிடம் பேசுவாள்.

"எம் பிள்ளைக வழியில இலையைத் தின்னுச்சுக. இங்க ஒருத்தி காகிதத்தைத் தின்னுக்கிட்டு இருக்கா."

அவள் பட்ட பாட்டுக்கு முன்னால் என் பாடு ஒரு பாடே இல்லை. அது எனக்குத் தெரியும். தெரிந்ததால் வெறுப்பு இன்னும் கூடியது. கணவரோ, மில் சங்கு ஊதுமுன் கிளம்பிவிடுவார். திரும்பி வந்ததும் அக்காவுக்கும் எனக்கும் நடுவில் செய்தித்தாளை விரித்துப் பிடித்துக்கொள்வார்.

எப்போதாவது அரைமணி நேரம் கிடைக்கத்தான் செய்தது. கிடைத்தும் ஒன்றும் வரவில்லை. 'அண்ணன் சொன்னான்' என்று எழுதிவிட்டு உட்கார்ந்திருப்பேன். அந்த அண்ணன் வாய் திறந்தால் மதினியின் குரல் வந்தது. விறகு ஏன் இப்படிப் புகைகிறது என்று கேட்டான். உப்பு எங்கே என்று கேட்டான். என் கதைப் பெண் வாயடைத்து நின்றாள். அடித்துவிட்டு மறுபடி எழுதினால் மறுபடி அதே. முன்பெல்லாம் சோறு பொங்கிக்கொண்டே மனசுக்குள் ஒரு பக்கம் எழுதி வைத்திருப்பேன். இப்போது மனசுக்குள் ஓயாமல் சண்டை மட்டும் ஓடியது. நான் சொல்லாமல் விழுங்கிய பதில்களையெல்லாம் அங்கே சொல்லிக்கொண்டிருந்தேன். எழுத வேண்டிய வார்த்தைகள் எல்லாம் அதிலேயே செலவாகிவிட்டன என்று தோன்றும்.

ஒரு மத்தியானம் பத்திரிகைக்காரர் குடையோடு வந்து வாசலில் நின்றார்.

"ரெண்டு இதழா உங்க கதை இல்லையேம்மா. வாசகர்கள் கேக்குறாங்க."

"வரலைங்க."

"என்ன வரலை?"

"எழுத்து வரலை."

அவர் அறையைப் பார்த்தார். கொடியில் ஈரத்துணி, தரையில் அழும் பிள்ளைகள், கால்களில் கட்டுப் போட்டுப் படுத்திருக்கிற மதினியின் வீட்டுக்காரர். "நிலைமை புரியுதும்மா. ஆனா காகிதமே அளந்துதான் குடுக்குறாங்க. இருக்குற பக்கத்தைக் காலியா விட முடியாது. ஒரு அத்தியாயம், ரெண்டு அத்தியாயம், எப்படியாச்சும் முடிச்சுக் குடுத்திருங்க."

சமையற்கட்டிலிருந்து மதினி சுவரிடம் சொன்னாள்: "பிள்ளைக்குக் கஞ்சி காய்ச்ச நேரமில்ல, கதை கேக்க ஆளு வந்திருச்சு."

அவர் தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார். அப்படிச் சொன்னதற்காக அவளை வெறுத்தேன். அதைக் கேட்டதும் குடையை எடுத்துக்கொண்டு நழுவியதற்காக அவரையும் வெறுத்தேன்.

அடுத்த இதழ் வெளியான அன்று நான் அரிசிக் கடையில் நின்றிருந்தேன். பையோடு வளவுக்குள் நுழையும்போது, எதிர்வீட்டுச் சௌராஷ்டிரப் பெண் முற்றத்தில் உட்கார்ந்து உரக்கப் படித்துக்கொண்டிருந்தாள். வீட்டில் தங்கள் பாஷை பேசுகிறவள், தமிழை ஆசையாக, நிறுத்தி நிறுத்திப் படிப்பாள். சுற்றிலும் பெண்கள். மதினியும் இருந்தாள். கதை என்னுடையது. வரிகள் என்னுடையவை அல்ல. அண்ணன் அழுகிறான், அவள் அவன் காலில் விழுகிறாள், ஊருக்குத் திரும்புகிறாள், காய்ச்சலில் கிடக்கிற புருஷன் அவள் மடியில் தலை வைத்து மன்னிப்புக் கேட்கிறான். முற்றும். அதற்குக் கீழே என் பெயர்.

மதினி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். "இம்புட்டு நாளா என்னத்தையோ கிறுக்குறன்னு நெனச்சேன். நல்லாத்தான் எழுதியிருக்க."

என் வீட்டுக்கு வந்து அவள் என்னிடம் சொன்ன ஒரே நல்ல வார்த்தை அது.

"அது நான் எழுதலை மதினி."

"உன் பேரு போட்டிருக்குங்குறாளே இவ?"

"பேரு என்னுது. எழுதுனது வேற யாரோ."

"அப்ப அவன் உன்னையவிட நல்லா எழுதுறான்."

பையைக் கீழே போட்டேன். அத்தனை மாதமாக விழுங்கியது எல்லாம் அந்த முற்றத்தில் வெளியே வந்தது. "நீங்க என்னை எழுத விட்டீங்களா? ஒரு நாளு, ஒரு நாழி விட்டீங்களா? விடிஞ்சா அடுப்பு, சாஞ்சா அடுப்பு. நீங்க காலை நீட்டி உக்காந்து குத்தம் சொல்றதுக்கா நான் பொங்குறேன்?"

மதினி எழுந்தாள். கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"அடுப்புதான் உன் கையைப் புடிச்சிருக்கோ? சரி. இன்னையிலேருந்து நீ அடுப்புப் பக்கம் காலு வைக்கக் கூடாது. உன் கைச்சோறு எம் பிள்ளைகளுக்கு வேணாம். நான் பொங்குறேன். நீயும் எந் தம்பியும் நான் போடுறதைத் தின்னுட்டுக் கெடங்க. போயி எழுது. எம்புட்டு எழுதுறன்னு நானும் பாக்குறேன்."

சொன்னதைச் செய்தாள். சமையற்கட்டில் கிடந்த என் மணையை எடுத்து வெளியே வைத்தாள். அன்றிலிருந்து அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை. வேளாவேளைக்குத் தட்டு நங்கென்று என் முன்னால் வந்து விழும். பிள்ளைகளிடமும் என்னோடு பேசக் கூடாதென்று சொல்லி வைத்திருந்தாள்.

எங்கள் சாதிசனத்தில் அடுப்பு யார் கையிலோ வீடு அவள் கையில். செய்தி கேட்டு என் அம்மா ஊரிலிருந்து பஸ் ஏறி வந்துவிட்டாள். "அடுப்பையா விட்டுக் குடுத்த? நாளைக்கு உன்னைய வெளிய போன்னா என்ன செய்வ?" என்று அழுதாள். கணவர் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு, "ரெண்டு பேரும் பேசித் தொலைங்களேன்" என்றார். "உங்க அக்காதான, நீங்க பேசுங்க" என்றேன். அவர் செய்தித்தாளை மறுபடி விரித்துக்கொண்டார்.

அவள் எனக்குக் கொடுத்தது தண்டனை. எனக்குக் கிடைத்தது முழு மத்தியானம். குழந்தையைத் தூளியில் போட்டுவிட்டுக் காகிதத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு வரியும் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. இந்த இடம்தான் எல்லாவற்றையும்விடக் கசப்பானது. முன்பு வரவில்லையென்றால் மதினியைச் சொல்லலாம், விறகைச் சொல்லலாம். இப்போது யாரைச் சொல்வது? சமையற்கட்டுக்குள்ளிருந்து அவள் எட்டிப் பார்ப்பாள். வெறும் காகிதத்தைப் பார்ப்பாள். ஒரு வார்த்தை பேசாமல் உள்ளே போய்விடுவாள். அவள் பேசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

ஒரு நாள் ஆத்திரம் தாங்காமல் எதிர்வீட்டுக்குப் போய் அந்த இதழை வாங்கி வந்தேன். கிழித்துப்போடத்தான் வாங்கினேன். கிழிப்பதற்குமுன் படித்தேன். 'அண்ணனின் கண்ணீரைக் கண்டதும் அவள் நெஞ்சம் மெழுகாய் உருகிற்று' என்று இருந்தது. பென்சிலை எடுத்து அந்த வரியை அடித்தேன். 'உருகவில்லை' என்று ஓரத்தில் எழுதினேன். அடுத்து, அவள் காலில் விழுந்தாள் என்று இருந்தது. 'எதற்கு விழ வேண்டும்?' என்று எழுதினேன். விழவில்லையென்றால் என்ன செய்தாள்? சங்கு ஊதிருச்சு, நான் உள்ள போறேன் என்றாள். அதையும் எழுதினேன். அண்ணன் கையைப் பிடித்து இழுத்தான். அவள் அவன் கையைக் கடித்தாள்.

கடித்தாள் என்று எழுதியதும் நானே திடுக்கிட்டேன். நான் அப்படி நினைத்து வைத்திருக்கவே இல்லை. ஓரம் தீர்ந்துபோய் வரிகளின் இடுக்கில் எழுதினேன். அதுவும் தீர்ந்தபோது மளிகைப் பொட்டலக் காகிதங்களை நீவிவிட்டு எழுதினேன். என் பெயரில் எழுதியிருந்த அந்த மனுஷனோடு வரிக்கு வரி சண்டை போட்டுக்கொண்டே போனதில், ஏதோ ஓர் இடத்தில் அவனை விட்டுவிட்டு என் பாட்டுக்கு எழுத ஆரம்பித்திருந்தேன். மனசுக்குள் ஓடிக்கொண்டிருந்த சண்டையை வீட்டில் ஒரு தடவை உரக்கப் போட்டு முடித்துவிட்டதால்தானோ என்னவோ, அண்ணன் இப்போது அண்ணனாகவே பேசினான். என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. உப்பு எங்கே, துணி எங்கே, குழந்தை ஏன் அழுகிறது, ஒன்றும் இல்லை. அந்த வீட்டில் எனக்குக் கிடைத்த பெரிய உபகாரம் அந்தப் பகைதான்.

முடித்ததும் மேல மாசி வீதிக்கு நடந்து, அச்சாபீசில் பத்திரிகைக்காரர் முன்னால் காகிதக் கட்டை வைத்தேன்.

"என் பேர்ல எழுதுனது யாரு?"

"வேற வழியில்லாம நான்தாம்மா எழுதினேன். எம்புட்டுப் பாராட்டு வந்துச்சு தெரியுமா?"

"இதைப் போடுங்க."

புரட்டிப் பார்த்தார். "முடிஞ்சுபோன கதையை மறுபடி எப்படிம்மா முடிக்கிறது?"

"புதுக் கதைன்னு போடுங்க. பொண்ணு ஆலையில வேலை பாக்குறா. அண்ணன் கூப்பிட வர்றான், அவ போகலை. அங்கிருந்து ஆரம்பம்."

"கடிக்கிறதை மட்டும் கொஞ்சம் மாத்திட்டு..."

"ஒரு எழுத்து மாத்துனாலும் தினமும் வந்து இந்த வாசல்ல உக்காந்துக்குவேன். எனக்கு இப்ப வீட்டுல வேலை ஒண்ணும் இல்லை."

அவர் அந்தக் கட்டை மேசை டிராயரில் வைத்துப் பூட்டினார். தை பிறந்ததும் போட ஆரம்பித்தார். குடும்பப் பெண் எழுதுகிற எழுத்தா இது என்று சிலர் எழுதிப் போட்டார்கள். மில் ஆபீசில் கணவரைக் கேலி செய்தார்கள். அவர் இரண்டு நாள் என்னோடும் பேசவில்லை. முற்றத்தில் எதிர்வீட்டுப் பெண் இதையும் நிறுத்தி நிறுத்திப் படித்தாள். மதினி கேட்டுவிட்டுச் சொன்னது அறைக்குள் எனக்குக் கேட்டது.

"முன்னது நல்லாருந்துச்சு. இது திமிரு புடிச்ச கழுதை."

திமிர் பிடித்தவளாகத்தான் அவளை நான் எழுதியிருந்தேன். சரியாகத்தான் கேட்டிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

மதினியின் வீட்டுக்காரருக்குக் கால் ஆறி, ஆற்றுக்கு அந்தப் பக்கம் கோரிப்பாளையத்தில் ஒரு மரக்கடையில் வேலை கிடைத்தது. அங்கேயே வாடகைக்கு வீடு பார்த்தார்கள். வண்டி வந்து நின்ற அன்று மதினி சமையற்கட்டை அலசிவிட்டு, முகம் கழுவிக்கொண்டு என் எதிரில் வந்தாள். வருஷத்துக்கு மேலாகிவிட்டிருந்தது நாங்கள் பேசி.

"விறகு நனைஞ்சிருக்கு. பின்னால அடுக்கினதை முதல்ல எரி."

"சரி மதினி."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு நல்லது கெட்டதுக்குப் போய்வந்தோம். அவளுக்கு என்னைப் பிடிக்கவில்லை, எனக்கும் அவளைப் பிடிக்கவில்லை. கடைசிவரை அதில் மாற்றமில்லை.

அடுப்பு என் கைக்குத் திரும்பி வந்ததும் அம்மா நிம்மதியடைந்தாள். எனக்கு ஒரே மாதத்தில் எழுத்து மறுபடி நின்றுபோனது. இந்தத் தடவை நான் காத்துக்கொண்டிருக்கவில்லை. காலையில் ஒரு தடவை பொங்கி இறக்கினால் சரி, அப்புறம் அடுப்பு மூட்டுவதில்லை என்று வைத்துக்கொண்டேன். கணவர் சாயங்காலம் வந்து பானையைத் திறந்து பார்த்தார்.

"சூடா ஒண்ணுமில்லையா?"

"இல்லை."

கோபப்பட்டார். பல நாள் கோபப்பட்டார். படட்டும் என்று விட்டேன். அந்தக் கோபத்தைத் தணிக்கிற வேலையை நான் எடுத்துக்கொள்ளவில்லை. ஆடியில் ஆரம்பித்த அடுத்த கதை மார்கழிக்குள் முடிந்தது.