வடக்குப்பட்டு ஸ்டாப்பில் கைமாறிய வாட்ச்

என் பெயர் இராமச்சந்திரன். வடக்குப்பட்டுக்காரன். பதினோரு வருடமாகக் கம்பெனி பஸ் ஓட்டுகிறேன், ஒரு நாள்கூட லேட் கிடையாது. யாருக்காகவும் ஒரு நிமிஷம் நிறுத்தி வைக்க மாட்டேன். கல்நெஞ்சக்காரன் என்று பின்னால் திட்டுவார்கள். திட்டட்டும், காதில் விழுந்தால்தானே! ஆனால் பேச்சிராஜ் விஷயத்தில் நான் செய்த காரியத்துக்கு என்னை நானே திட்டிக்கொண்டேன். அதைத்தான் சொல்லப்போகிறேன்.

காலையில் ஒரகடத்தில் நைட் ஷிப்ட் முடித்தவர்களை ஏற்றிக்கொண்டு வந்து, ஆறு இருபத்தெட்டுக்கு வடக்குப்பட்டு ஸ்டாப்பில் இறக்குவேன். பஸ் காலியான கையோடு, மறைமலை நகர்ப் பக்கம் இன்னொரு கம்பெனிக்குப் பகல் ஷிப்ட் போகிற நாற்பத்திரண்டு பேர் ஏறுவார்கள். ஆறரைக்கு வண்டி கிளம்பிவிடும். சாயங்காலம் இதே கதை தலைகீழாக நடக்கும். பேச்சிராஜ் காலையில் இறங்குகிற ஆள். அவன் பெண்டாட்டி செல்வலட்சுமி ஏறுகிற ஆள்.

பேச்சிராஜுக்குச் சங்கரன்கோவில் பக்கம். ஐடிஐ முடித்துவிட்டுப் பத்தொன்பது வயதில் ஒரே ஒரு பையோடு வந்தவன், ஏழு வருடம் எட்டுப் பேர் படுக்கிற அறையில் ஒண்டிக்கொண்டு கிடந்தான். அலவன்ஸ் கூடக் கிடைக்கும் என்று நிரந்தரமாக நைட் ஷிப்ட் கேட்டு வாங்கிக்கொண்டான். வாயைத் திறக்க மாட்டான். எனக்குப் பின்னால் முதல் சீட்டில், கண்ணாடியில் தலையைச் சாய்த்து, தூக்கமும் இல்லாமல் விழிப்பும் இல்லாமல் வருவான். ஒரு நாள் மட்டும் தானாகப் பேசினான்.

"அண்ணாச்சி, கண்ண மூடினா கம்பெனி லைன் ஓடிக்கிட்டே இருக்கு. பஸ்ஸு நிக்கிற மாதிரியும் ரோடுதான் நம்மள நோக்கி வார மாதிரியும் இருக்கு."

போதாத காலம், அன்றிலிருந்து எனக்கும் அப்படியே ஆகிவிட்டது. ஏரிப்பக்கம் பனி இறங்கும் நாட்களில், கம்பெனி விளக்குகள் ஒவ்வொன்றாக அணையும்போது, வண்டி நிற்கிறது, ரோடு மட்டும் வெள்ளையாக வந்துகொண்டே இருக்கிறது என்று தோன்றும். தலையை உதறிக்கொண்டு ஓட்டுவேன்.

போன ஆவணியில் அவனுக்குக் கல்யாணம் ஆனது. மாப்பிள்ளைக்கு மோதிரமும் வாட்சும் போடுவது வழக்கமாயிற்றே! மோதிரம் வாங்கியதிலேயே மாமனாரின் கை காலி. மனுஷன் யோசிக்கவில்லை. தன் கல்யாணத்தில் தனக்குப் போட்ட எச்.எம்.டி. வாட்சைக் கையிலிருந்து அவிழ்த்து, மணவறையிலேயே மருமகனுக்குக் கட்டிவிட்டார். பேட்டரி இல்லாத, தினமும் சாவி கொடுக்கிற வாட்ச்.

செல்வலட்சுமியும் இங்கே வந்து வேலைக்குச் சேர்ந்தாள், இருவரும் தனியாக ஒரு அறை எடுத்துக்கொண்டார்கள். இரண்டு கம்பெனியிலும் போனைக் கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். மணி பார்க்க இருவருக்கும் இந்த ஒரே வாட்ச்தான். காலையில் அவன் இறங்கியதும் தன் கையிலிருந்து அவிழ்த்து அவள் கையில் கட்டுவான். ஒல்லிக் கை, அதற்காக வாரில் ஆணியால் தனியாக ஒரு ஓட்டை போட்டு வைத்திருந்தான். சாயங்காலம் அவள் இறங்கி அவனுக்குக் கட்டிவிடுவாள். காலையில் அவன் எழுந்த சீட்டில் அவள் உட்காருவாள், சாயங்காலம் அவள் எழுந்த சீட்டில் அவன். வேறு யாரும் அதில் உட்காருவதில்லை. அவள் உள்ளங்கையை அந்த சீட்டில் வைத்துக்கொண்டு கண்ணை மூடுவதை எனக்கு மேலே இருக்கும் கண்ணாடியில் பார்த்திருக்கிறேன். சூடு ஆறியிருக்காது.

ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் வீட்டில் சேர்ந்திருப்பார்கள், அதிலும் பாதி நாள் ஓவர்டைம் தின்றுவிடும். மற்ற நாளெல்லாம் வாட்ச் கட்டுகிற அந்த அரை நிமிஷம்தான் குடித்தனம். அத்தனை பேர் பார்க்க, ரோட்டில் நின்று பெண்டாட்டி கையைச் சும்மா பிடிக்க முடியுமா? வாட்ச் கட்டினால் யார் என்ன சொல்வார்கள்? இது என் மரமண்டைக்கு அப்போது ஏறவில்லை.

குன்றத்தூரிலிருந்து தமிழ்வாணன் என்று ஒருவர் பஸ்களைச் சோதிக்க வருவார். பழைய வாட்ச் சேர்க்கிற பைத்தியம். வீட்டில் நூற்றுக்கும் மேல் வைத்திருக்கிறாராம். ஒரு நாள் பேச்சிராஜின் கையைப் பார்த்துவிட்டு என்னைப் பிடித்துக்கொண்டார். நல்ல விலை தருகிறேன், பேசி முடித்துக்கொடு என்றார். நானும் பெரிய மனுஷத்தனமாக, அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவரை அவர்கள் அறைக்கே கூட்டிக்கொண்டு போனேன்.

தமிழ்வாணன் கண்ணில் ஒரு லென்சை இடுக்கிக்கொண்டு, வாட்சின் முதுகைத் திறந்து பார்த்தார். காதில் வைத்துக் கேட்டார். முகம் அப்படியே மலர்ந்துவிட்டது.

"டயல் ஒரிஜினல், ஒண்ணுமே மாத்தல. ஆனா சாவி கொடுக்குற குமிழ் மட்டும் ரொம்பத் தேஞ்சிருக்கே. ஒரு நாளைக்கு எத்தனை தடவை சாவி கொடுப்பீங்க?"

"நான் ஒரு தடவ, இவுக ஒரு தடவ" என்றாள் செல்வலட்சுமி. "கைமாத்துறதுக்கு முன்னால."

"ஒரு தடவையே போதுமேம்மா!"

அவள் தன் வெறும் மணிக்கட்டைத் தடவிக்கொண்டாள். தமிழ்வாணன் விலையைச் சொன்னார்.

"இதுல ஆளுக்கொரு புது வாட்ச் வாங்கிக்கலாம்ப்பா" என்றேன் நான். வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

"அவகிட்டயே கேளுங்க. அவ அப்பா வாட்சு" என்றான் பேச்சிராஜ்.

"இவுக இஷ்டம்" என்றாள் அவள்.

அவள் வேண்டாம் என்பாளா என்று அவன் பார்த்தான். அவன் வேண்டாம் என்பானா என்று அவள் பார்த்தாள். இரண்டு பேருமே தலையை ஆட்டிவிட்டார்கள். வாட்ச் ஒரு வெல்வெட் பைக்குள் போய்விட்டது.

செவ்வாய்க்கிழமை காலை இருவர் கையிலும் புது வாட்ச். அவன் இறங்கினான், அவள் ஏறினாள்.

"சாப்பாடு மூடி வச்சிருக்கேன்."

"சரி."

அவ்வளவுதான். கட்ட ஒன்றும் இல்லை, அவிழ்க்க ஒன்றும் இல்லை. அவரவர் மணியை அவரவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த வாரம் முழுக்க இப்படியே போனது. அவள் கண்ணாடியில் தலை சாய்த்து, ஊமை மாதிரி வெளியே பார்த்துக்கொண்டு வருவாள். பாவி, நன்றாக இருந்த குடும்பத்தில் புகுந்து தரகு பார்த்தேனே!

சனிக்கிழமை சாயங்காலம் அவன் ஏறியதும் பொறுக்க முடியாமல் கத்தினேன்.

"இன்னாபா நீ! ரெண்டு பேர் கைலயும் வாட்ச் கீது, பேசறதுக்கு நேரம் இல்லியா? நாயைக் கண்டா கல்லைக் காணோம், கல்லைக் கண்டா நாயைக் காணோம்!"

"எல்லாரும் பாக்காவ அண்ணாச்சி. வாட்சு இருந்துச்சு, கையப் புடிச்சேன். இப்ப என்னத்தச் சொல்லிப் புடிக்க?"

"யோவ், தாலி கட்டுனவன் நீ! பாத்தா பாத்துட்டுப் போறானுங்க, உனுக்கு இன்னா?"

அவன் கண்ணை மூடிக்கொண்டான். அந்த ஞாயிறும் இருவருக்கும் ஓவர்டைம், அதனால் வண்டியும் உண்டு.

மறுநாள் காலை நல்ல பனி. ஸ்டாப்பில் நிற்பவர்கள் பாதிதான் தெரிந்தார்கள். நைட் ஆட்கள் இறங்கிப் போனார்கள், பகல் ஆட்கள் ஏறி முடித்தார்கள். செல்வலட்சுமி கடைசியாகப் படியில் கால் வைத்தாள்.

"லெச்சுமி" என்றான் பேச்சிராஜ். "கைய நீட்டு."

அவள் திரும்பி இறங்கி நின்று கையை நீட்டினாள். அவன் கையில் ஒன்றுமில்லை. வெறும் கையால் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். விடவில்லை. யாரோ ஒரு பயல் விசிலடிக்கப் போனான், பக்கத்துச் சீட்டுக் கிளியம்மாள் அவன் மண்டையில் ஒன்று வைத்தாள். மணி ஆறு முப்பத்தொன்று. முப்பத்திரண்டு. ஹாரனில் வைத்த கையை எடுத்துவிட்டு எஞ்சினை அணைத்தேன். பனியில் அவர்கள் இருவரும் நிற்கிறார்கள், உலகம் எங்கோ தள்ளி நகர்ந்துகொண்டிருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. தலையை நான் உதறிக்கொள்ளவில்லை.

கம்பெனி கேட்டில் ஒன்பது நிமிஷம் லேட். செக்யூரிட்டி ஜாஸ்மின் லேட் நோட்டோடு வந்து நின்றாள்.

"இன்னாண்ணா, நீங்களா லேட்டு! காரணம் சொல்லுங்க, எழுதணும்."

பின்னாலிருந்து கிளியம்மாள்தான் குரல் கொடுத்தாள்.

"ஒரு கண்டெய்னர் லாரி ரோட்டுக்குக் குறுக்கால நின்னுட்ச்சும்மா!"

"ஆமா, பெரிய லாரி" என்றான் ஒருவன். "டயர் வெடிச்சுப்போச்சு" என்றான் இன்னொருவன். சிவப்பு லாரி என்றது ஒரு குரல். பஸ் முழுக்க ஒரே வாயாகப் புளுகியது.

ஜாஸ்மின் முதல் சீட்டைப் பார்த்தாள். "ஏம்மா, நீ சொல்லு. லாரியா?"

செல்வலட்சுமி நிமிர்ந்து உட்கார்ந்தாள். முகம் சிவந்து கிடந்தது, குரல் மட்டும் நடுங்கவில்லை.

"லாரி இல்லக்கா. எங்க வீட்டுக்காரரு என் கையப் புடிச்சுக்கிட்டு நின்னாவ."

ஜாஸ்மின் அவளையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு நோட்டைத் தொடையில் வைத்து, 'லாரி' என்று எழுதிவிட்டு, கேட்டைத் திறந்தாள்.