ஆளில்லாப் படகுக்குத் திருநீறு

1. போன செவ்வாய் காலை ஆறு மணிக்கு, உருத்திரபுரம் பக்கத்துக் குளமொன்றில் எங்கள் ரிமோட் படகை இறக்கினேன்.
2. குளத்தின் நடுவில் அது ஒரு மணி நேரம் காற்றை உறிஞ்சியது.
3. எங்கும் மாட்டாமல் கரைக்குத் திரும்பியது.
4. வெள்ளையாக உள்ளே போன வடிதாள், சாம்பல் நிறமாக வெளியே வந்தது. கோயில் மணம் வேறு.
5. அதைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே மழை தொடங்கியது.

படகு என்றதும் பெரிதாக நினைக்காதீர்கள். உட்காரும் கதிரையளவுதான். நீருக்கு மேலுள்ள காற்றை அதன் பம்ப் இழுக்கும். காற்றில் மிதக்கும் நுண்ணங்கிகள் வடிதாளில் தங்கும். பருவத்தின் முதல் மழைக்கு முன் ஒரு தாள், மழைக்குப் பின் ஒரு தாள் — இரண்டையும் ஒப்பிடுவதுதான் என் ஆய்வு. முதல் தாள் பழுதானால் அடுத்த வருடம்வரை காத்திருக்க வேண்டும்.

யார் காரணம்? கரையில் நின்றவர் ஒருவர்தான். கனகு அண்ணை, அந்தக் குளத்தில் மீன் பிடிப்பவர். முந்தின கிழமை தாமரைக்கொடியில் சிக்கிய என் படகை வள்ளத்தில் போய் இழுத்து வந்தவரும் அவரே. படகை இறக்குமுன் நான் கையுறை மாற்றப் போன இரண்டு நிமிடத்தில், அதன் முன்பக்கத்தில் திருநீற்றால் மூன்று கோடு இழுத்திருக்கிறார். கேட்டேன். மறைக்கவில்லை.

“ஆளில்லாமல் போற படகு, பிள்ளை. சாமியாவது கூடப் போகட்டும் எண்டுதான்.”

முன்பக்கம் எனக்குக் காற்று நுழையும் வாய். அவருக்கு அது நெற்றி. கையுறை, ஸ்பிரிட், மூடிய பெட்டி… என் சுத்த விதிகள் ஒரு பக்கம் நீளம். நல்லெண்ணத்தோடு தொடுபவரைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை.

திருநீற்றில் கிருமி இருக்கலாம் என்றேன். அவர் முகம் மாறியது.

“நெருப்பில எரிச்சது. அதில என்ன கிருமி?”

விஞ்ஞானப்படி சரியான கேள்வி.

“எரிக்கிறது ஒராள், அண்ணை. தட்டில கை வைக்கிறது ஊர் முழுக்க.”

கொஞ்சம் யோசித்தார். ஓம், சரிதான் என்றார்.

பேராசிரியருக்குப் போன் எடுத்தேன். மாசு எதனால் என்று கேட்டார். சொன்னேன். அந்தத் திருநீற்றையும் அனுப்பச் சொன்னார். அதில் உள்ளவற்றைக் கழித்துவிட்டால் மிச்சம் குளத்துக் காற்று — ஓரளவுக்காவது. கனகு அண்ணை இடுப்புச் சாரத்தில் செருகியிருந்த திருநீற்றுப் பொட்டலத்தை அப்படியே தந்தார்.

படிவத்தில் ‘மாசின் வகை’ என்ற இடத்தில் ‘திருநீறு’ என்று எழுதினேன். வேறு சொல் கிடைக்கவில்லை.

இன்றைய நிலை: தாளும் திருநீறும் தனித்தனிக் குப்பிகளில் ஆய்வுகூடத்தில் இருக்கின்றன. தாள் தேறுமா என்று இன்னும் தெரியாது. கனகு அண்ணை இரண்டு தரம் போன் எடுத்துவிட்டார் — கோயில் திருநீற்றுக்கு என்ன றிசல்ட் என்று.