பழநிக்குப் போன யானைக் காசு

அந்தப் புதன்கிழமை காலையில் நான் டப்பாவைத் திறந்தபோது வீட்டில் இருந்தவர்கள் மூன்று பேர்: நான், அம்மா, அம்மாவின் தம்பியான மாமா. அப்பா இல்லை. மாதாப்பூரில் யாரோ கட்டுகிற அடுக்குமாடிக்குத் தண்ணீருக்காகப் போர் போடப் போய் நான்கு நாளாகியிருந்தது. யானையும் இல்லை.

யானை என்றால் காசு. கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரியது. சதுரமென்றும் சொல்ல முடியாது, வட்டமென்றும் சொல்ல முடியாது. ஒரு பக்கம் தும்பிக்கை தூக்கிய யானை. மறுபக்கம் ஒரு கூட்டல் குறியும் அதன் நான்கு முனையிலும் நான்கு வட்டமும். சாதவாகனர் காலத்தது. சனிக்கிழமை பள்ளியில் கண்காட்சி. பதினோரு காசுகளை வரிசையாக வைத்து விளக்கம் சொல்வதாக ஒத்துக்கொண்டிருந்தேன். மற்ற பத்தும் சிப்பாய்கள், அது ஒன்றுதான் ராஜா.

எங்களுக்குத் திருச்செங்கோட்டுப் பக்கம். எங்கள் ஊர்க்காரர்கள் போர் போடும் ரிக் வண்டி ஏறி இந்தியா முழுக்கப் போவார்கள். அப்பா ஹைதராபாதுக்கு வந்தார். அங்கே கம்ப்யூட்டர் கம்பெனிகள் முளைக்க முளைக்க, அவற்றில் வேலை செய்கிறவர்களுக்குக் குளிக்கத் தண்ணீர் வேண்டியிருந்தது. அதனால் அப்பாவுக்கு வேலை இருந்தது. அவர்களை ஏற்றி இறக்க சுமோ வேண்டியிருந்தது. அதனால் மாமாவுக்கும் வேலை இருந்தது. இவர்கள் இரண்டு பேருக்கும் எனக்கும் சோறாக்குவது அம்மாவின் வேலை. ஹப்சிகுடாவில் ஒரு சந்துக்குள் ஒற்றை அறை. அந்த அறையில் படிக்கிற வேலை என்னுடையது. எங்கள் வம்சத்தில் அதற்கு முன் யாருக்கும் அந்த வேலை இருந்ததில்லை.

காசு சேர்க்கும் யோசனை ஏழாம் வகுப்பு சமூக அறிவியல் புத்தகத்தில் இருந்த ஒரு படத்தைப் பார்த்து வந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆபிட்ஸ் கடைவீதியில் கடைகளெல்லாம் பூட்டியிருக்கும். பூட்டிய கடைகளின் வாசலில் பழைய புத்தகங்களை விரித்திருப்பார்கள். மாமா சுமோவைக் கழுவ எடுத்துப் போகும் சாக்கில் என்னை அங்கே கூட்டிப் போவார். புத்தக வரிசையின் கடைசியில் பர்தா அணிந்த ஒரு அம்மாள் பழைய பூட்டுகள், சாவிகள், கடிகாரச் சக்கரங்களோடு காசுகளையும் கொட்டி வைத்திருப்பார். மாமா பளபளப்பான வெள்ளி ரூபாய் ஒன்றை எடுத்து விலை கேட்டுவிட்டு, சுடுசட்டியைத் தொட்டவர் போல வைத்துவிட்டார். நான் ஓரத்தில் கிடந்த கறுப்புக் குவியலைக் காட்டிக் கேட்டேன். ஒன்று ஐந்து ரூபாய். அதில் பாதிக்குமேல் ஆயிரம் வருஷத்துக்கு முந்தியவை என்று அந்த அம்மாள் சாவகாசமாகச் சொன்னார். பழசாக இருந்தால் விலை ஏறாது, கேட்க ஆள் இருந்தால்தான் ஏறும் என்று அன்றைக்கே எனக்குப் பிடிபட்டுவிட்டது. இன்றைக்கும் ஒரு பிரியாணி விலைக்கு ஒரு ராஜாவை வாங்கலாம் என்று யாரிடமும் பந்தயம் கட்டுவேன்.

அம்மாவுக்கு இது விளங்கவில்லை. ஆயிரம் வருஷத்துக் காசு ஐந்து ரூபாய்க்குக் கிடைக்கிறதென்றால் அது செல்லாத காசு, செல்லாத காசைக் காசு கொடுத்து வாங்குகிறவனை என்னவென்று சொல்வது என்று மாமாவிடம் கேட்டாள். ஆனாலும் பிள்ளை ஆசைப்பட்டு வாங்கியது அழுக்காக இருக்கிறதே என்று இரக்கப்பட்டு, முதல் மாதமே ஒரு காசை எடுத்துப் புளி போட்டுத் தேய்த்துக் கொடுத்தாள். குத்துவிளக்கு மாதிரி மின்னியது. அதிலிருந்த சிங்கம் மட்டும் போய்விட்டது. நான் அழுத அழுகையில் அம்மா மிரண்டு, அதற்குப் பிறகு அந்த டப்பாவைத் தொடவே மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். சிங்கம் போன காசையும் நான் எறியவில்லை. மொட்டைக் காசு என்று பெயர் வைத்து டப்பாவில் போட்டுக்கொண்டேன்.

யானைக்கு அந்த அம்மாள் எண்பது கேட்டார். மாமா இந்தியில் கெஞ்சி அறுபதுக்குக் கொண்டுவந்தார். பஸ்ஸில் போகாமல் பள்ளிக்கு நடந்து ஏழு வாரம் மிச்சம் பிடித்தேன். அதுவரை அந்த அம்மாள் அதை ஒரு துருப்பிடித்த பூட்டுக்கு அடியில் எனக்காக ஒளித்து வைத்திருந்தார்.

அந்த யானைதான் புதன்கிழமை காணாமல் போனது. அது இருந்த காகித உறை மட்டும் மடிப்புக் கலையாமல் இருந்தது. நேராக மாமாவிடம் போய், விற்றுவிட்டீர்களா என்று கேட்டேன். இரவு டூட்டி முடிந்து படுத்திருந்த மனிதர் போர்வையை விலக்கி என்னைப் பார்த்தார்.

"நக்கோரே. ரெண்டாயிரம் வருசமாத் தொலையாத காசு, என்ற கையிக்கு வந்துதான் தொலையோணுமா?"

'நக்கோரே' என்றால் ஹைதராபாத் இந்தியில் 'வேண்டாம்டா'. சொல்லிவிட்டு மறுபடி போர்வையை இழுத்து மூடிக்கொண்டார். அதற்குப் பிறகு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

சாயங்காலம் விபூதி எடுக்கப் போனபோதுதான் முருகன் படத்தின் ஆணியில் புதிதாக ஒரு மஞ்சள் துணி முடிச்சு தொங்குவதைப் பார்த்தேன். அதை விரலால் அழுத்திப் பார்த்தேன். ரூபாய்க் காசு வட்டமாக இருக்கும். இது எந்த வடிவத்திலும் சேராமல் இருந்தது. அம்மா அடுப்பிலிருந்து திரும்பிப் பார்த்தாள், மறைக்கவில்லை.

"பழநியாண்டவனுக்கு முடிஞ்சு வெச்சாச்சு கண்ணு. இனி அவுக்கப்படாது."

ஒரு ரூபாய் வைத்து முடியக் கூடாதா என்று கேட்டேன். தொடை தெரியக் கால்சட்டை போட்ட பையனின் கோபத்தில் எவ்வளவு மரியாதை இருக்குமோ அவ்வளவு மரியாதையோடு கேட்டேன். அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"ஒரு ரூவாயி வெச்சு எதைக் கேக்கறது? ஊட்டுல இருக்கறதுலயே ஒசந்தது எதுவோ அதைத்தான் முடியோணும்."

எனக்கு அது நியாயமாகவே படவில்லை. என் சேகரிப்பை அந்த வீட்டில் ஒருவர் முதல்முதலாக மதித்துச் சொன்ன வார்த்தை அது. நானோ தட்டை நகர்த்திவிட்டுச் சாப்பிட மாட்டேன் என்றேன். என்ன வேண்டுதல் என்று கேட்டதற்கு, வெளியே சொன்னால் பலிக்காது என்று முடித்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் தண்ணீர் லாரி வந்தது. அம்மா இரண்டு குடத்தோடு ஓடினாள். நான் ஸ்டூல் மேல் ஏறி முடிச்சை அவிழ்த்தேன். யானையை எடுத்துக்கொண்டு மொட்டைக் காசை உள்ளே வைத்துக் கட்டினேன். ஒருநாள்தானே, திங்கட்கிழமை திருப்பி வைத்துவிடலாம், முருகனுக்கு ஆயிரம் வேலை, அதற்குள் எண்ணிப் பார்க்க மாட்டார் என்று கணக்குப் போட்டேன்.

கண்காட்சி நன்றாக நடந்தது. இதில் எனக்கு அடக்கமே கிடையாது, மிக நன்றாக நடந்தது. அட்டையில் பருத்தித் துணி ஒட்டி, காசுகளுக்கு அடியில் சீட்டு எழுதி, தெலுங்கில் வந்தவர்களுக்குத் தெலுங்கிலும் இங்கிலீஷில் வந்தவர்களுக்கு இங்கிலீஷிலும் சொன்னேன். யாரோ ஒரு பையனின் அப்பா, கழுத்தில் கம்பெனி அட்டை தொங்கவிட்டவர், இவையெல்லாம் நிஜமா, இவ்வளவு மலிவா என்று கேட்டார். தானும் சேர்க்க ஆரம்பிக்க வேண்டும், எப்படி என்றார். மின்னுகிற காசைத் தொடாதீர்கள், வெள்ளி பக்கம் முதல் வருஷம் போகவே வேண்டாம், கண்டதையும் அள்ளாமல் ஒரே ஒரு வம்சத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள், வாங்கியதை எக்காரணம் கொண்டும் புளி போட்டுத் தேய்க்காதீர்கள் என்றேன். அவர் சிரிக்கவில்லை. பையிலிருந்து டைரியை எடுத்து எழுதிக்கொண்டார். "சார், இன்னொரு முறை சொல்லுங்கள்" என்று தெலுங்கில் கேட்டார். பன்னிரண்டு வயதுப் பையனை சார் என்றார்.

சொல்லிக்கொண்டே நிமிர்ந்தால் வாசலோரம் அப்பா நிற்கிறார்.

ரிக் வேலையிலிருந்து வருகிற அப்பாவுக்குப் புருவம்வரை சாம்பல் நிற மண் அப்பியிருக்கும். அன்றைக்குக் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, தலை வாரி வந்திருந்தார். சட்டைப் பையில் நான்காக மடித்த ஒரு காகிதம். எனக்காக இவ்வளவு அலங்காரமா என்று பெருமை தாங்கவில்லை. கையசைத்தேன். அவர் வரவில்லை. டைரிக்காரர் போகும்வரை நின்று பார்த்தார். அதற்கடுத்து வந்த இரண்டு டீச்சர்களுக்கு நான் யானையைக் காட்டிப் பேசியதையும் பார்த்தார். சட்டைப் பையை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார். மறுபடி நான் திரும்பியபோது ஆள் இல்லை. முதல் பரிசு மழைநீர் சேகரிப்புக்குப் போனது. போர் போடுகிறவர் மகனுக்கு அது இரட்டைத் தோல்விதான். ஆனால் நான் கவலைப்படவில்லை.

வீட்டுக்குப் போனால் செய்தி காத்திருந்தது. முதலாளி ரிக்கை ராய்ப்பூருக்குக் கொண்டுபோகிறார். ஹைதராபாதில் ஆயிரம் அடி போட்டாலும் புழுதிதான் வருகிறது. சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டே அப்பா அம்மாவிடம் சொன்னார்:

"நா மட்டும் போறேன். நீங்க இங்கயே இருங்க."

நான் முடிச்சை அவிழ்த்ததுதான் அப்பாவை ராய்ப்பூருக்குக் கொண்டுபோகிறது. முருகன் எண்ணிப் பார்த்துவிட்டார். இனி அம்மா அழுவாள் என்று பார்த்தேன். அம்மா எழுந்து போய்ப் படத்துக்கு முன்னால் நின்று மஞ்சள் முடிச்சைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அழுதாள்தான், ஆனால் முகம் சிரித்துக்கொண்டிருந்தது. வேண்டுதல் பலித்துவிட்டது, அவர் ராய்ப்பூர் கிளம்புவதற்குள் பழநிக்குப் போய்ச் செலுத்திவிட வேண்டும் என்றாள். கட்டிய புருஷன் எண்ணூறு கிலோமீட்டர் தள்ளிப் போவதற்கு ஒரு பெண் வேண்டிக்கொள்வாளா? அம்மாவை அன்றிலிருந்து கொஞ்ச நாள் ஒரு மாதிரியாகவே பார்த்தேன்.

அதைவிட அவசரமான காரியம் ஒன்று இருந்தது. பழநியில் முடிச்சை அவிழ்ப்பார்கள், உள்ளே மொட்டை. மறுநாள் தண்ணீர் லாரி சத்தம் கேட்டதும் ஸ்டூலில் ஏறினேன். யானை உள்ளே போனது. இந்த முறை அவிழாமல் இருக்க வேண்டுமென்று இறுக்கிக் கட்டினேன்.

அப்பாவின் சட்டைப் பையில் இருந்தது என்ன என்பதை மாமா எனக்குச் சொன்னது பத்து வருஷம் கழித்து, எனக்கு வேலை கிடைத்த அன்று. என்னைப் பள்ளியிலிருந்து நிறுத்த டி.சி. கேட்டு எழுதிய விண்ணப்பம். மாமாதான் எழுதிக் கொடுத்தாராம். பையன் வளர்ந்துவிட்டான், ரிக்கில் ராடு பிடிக்கிற அளவுக்குக் கை வந்துவிட்டது, ராய்ப்பூரில் இரண்டு சம்பளமாக வரும் என்று வீட்டில் நான் இல்லாத நேரத்திலெல்லாம் அப்பா மாதாப்பூர் போவதற்கு முந்தின வாரம் முழுக்க அதுதான் பேச்சாம். எங்கள் பக்கத்தில் அந்த வயதில் வண்டி ஏறாத பையன்கள்தான் குறைவு. அப்பாவே பதினொன்றில் ஏறியவர். அம்மா எதிர்த்துப் பேசியிருக்கிறாள், பட்டினி கிடந்திருக்கிறாள், இரண்டும் எடுபடவில்லை. அதற்குப் பிறகுதான் டப்பாவைத் திறந்திருக்கிறாள். சனிக்கிழமை பள்ளியிலிருந்து திரும்பிய அப்பா அந்தக் காகிதத்தை மாமாவிடம் நீட்டி, "கிழிச்சுப் போட்ரு மாப்ள" என்று மட்டும் சொன்னாராம்.

யானை அன்றைக்கு முடிச்சிலேயே இருந்திருந்தால் என் மேசையில் யார் நின்றிருப்பார்கள், நான் என்ன பேசியிருப்பேன், அப்பா எதைப் பார்த்திருப்பார் என்று இப்போது யோசிக்கிறேன். அம்மாவிடம் கேட்டால் அது முருகன் செயல் என்பாள். எந்தக் காசு எங்கே இருந்தது என்று நான் சொல்லவில்லை.

பழநிக்கு மூவரும் போனோம். மாமாவுக்கு டூட்டி. மொட்டை அடித்து, படியேறி, தரிசனம் முடித்து உண்டியல் முன் நின்றோம். அம்மா முடிச்சை அவிழ்க்கப் பார்த்தாள், வரவில்லை. திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எங்கள் குடும்பத்தில் நாடா வைத்த ஷூ போடுகிறவன் நான் ஒருவன்தான்.

"இது ஸ்கூல் பூட்ஸுக்குப் போடற முடிச்சாட்ட இருக்குதே" என்றாள்.

நான் கோபுரத்தைப் பார்த்தேன். அவள் பல்லால் கடித்து அவிழ்த்து, யானையை என் உள்ளங்கையில் வைத்து, நீயே போடு என்றாள். போட்டேன். மற்ற காசுகளின் மேல் விழுந்த சத்தம்கூட வித்தியாசமாக இல்லை.

மலையிறங்கிப் பேருந்து நிலையம் வந்து சேரும்வரை அழுதேன். ஏழு வாரம் நடந்து வாங்கியது, அறுபது ரூபாய் போச்சு என்று தேம்பினேன். பஞ்சாமிர்த டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு அப்பா ரயிலுக்கு, பஸ்ஸுக்கு, மொட்டைக்கு, சத்திரத்துக்கு, சாப்பாட்டுக்கு என்று விரல் விரலாக மடக்கிக்கொண்டிருந்தார். அது அவருடைய பதினைந்து நாள் சம்பளம். அழுகை நின்றதும் என் மொட்டைத் தலையில் சந்தனத்தைச் சரியாகத் தடவிவிட்டு, என்னிடம் சொல்கிறாரா அம்மாவிடம் சொல்கிறாரா என்று தெரியாதபடி சொன்னார்:

"ரெண்டாயிரத்தி எறநூத்தி நாப்பது. பரவால்ல, சல்லிசுதான்."