சட்டைப்பை வைத்தியர்

விருத்தாசலம் செராமிக் எஸ்டேட்டில் ஃபியூஸ் கட்டைக்குப் பீங்கான் சுடும் ஒரு சின்னக் கம்பெனியில் சகாயம் சூளைக்காரர். வயது ஐம்பத்திரண்டு. சம்பளம் வாங்கியது சூளைக்கு, பேர் வாங்கியது வைத்தியத்துக்கு. சட்டைப்பையில் எப்போதும் ஏழெட்டு மாத்திரை அட்டைகள் இருக்கும். யார் முகத்தைச் சுளித்தாலும் ஒன்றை நறுக்கிக் கொடுத்துவிடுவார்.

"சாப்பாட்டுக்கு அப்புறம் ஒண்ணு. கொணமாச்சுன்னா யார்கிட்டயும் சொல்லாத, கூட்டம் வந்துடும்" என்பார்.

யாராவது குணமாகி மிச்சம் வைத்த அட்டைகள்தான் அவருடைய மருந்துக்கடை.

போன ஆவணியில் அவருடைய கால் கட்டைவிரல் தக்காளி மாதிரி வீங்கியது. கூட வேலை பார்க்கும் கருவேப்பிலங்குறிச்சி பச்சமுத்துவுக்கும் முன்பு இப்படித்தான் வீங்கியது. டாக்டர் எழுதிக் கொடுத்த யூரிக் ஆசிட் மாத்திரையை ஆறு வருடமாகப் போட்டு வருகிறார்.

"ஒன் மாத்திரையில மூணு அட்டை குடுய்யா" என்றார் சகாயம்.

"ரத்தம் டெஸ்ட் பண்ணிட்டுதான் எனக்கே குடுத்தாங்க."

"ரெண்டு பேருக்கும் ஒரே விரலுதான வீங்குது? டெஸ்டு ரெண்டு பேருக்கும் சேத்துன்னு வச்சுக்க."

வீக்கம் தானாக வற்றியதோ என்னவோ, பாராட்டு மாத்திரைக்குப் போனது. விடாமல் போட்டார்.

இருபதாம் நாள் காய்ச்சல் வந்தது. கண் சிவந்து எரிந்தது. வாயெல்லாம் புண். சூளைச் சூடு என்று தனக்குத்தானே முடிவு கட்டி இளநீர் குடித்தார், மாத்திரையையும் போட்டுக்கொண்டார். மறுநாள் காலை நெஞ்சு முழுக்கக் கருஞ்சிவப்புத் திட்டுகள். மனைவி நான்சி சட்டையைக் கழற்றிவிட்டபோது முதுகுத் தோல் ஓரிடத்தில் ஈரக் காகிதம் போலத் துணியோடு வந்தது. அவள் அந்தச் சட்டையைச் சுருட்டி எடுத்துக்கொண்டு ஆட்டோவைக் கூப்பிட்டாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் வாசுகி திட்டுகளைப் பார்த்ததும் கேட்டார்: "கடைசி ஒரு மாசத்துல புதுசா என்ன மாத்திரை போட்டீங்க?"

"ஒண்ணும் போடலீங்க." புண்ணான வாயோடும் சகாயம் கௌரவத்தை விடவில்லை.

நான்சி கையோடு கொண்டுவந்த சட்டையை மேசைமேல் உதறினாள். பதினோரு அட்டைகள் விழுந்தன.

"இதுல புதுசு எதுன்னு அவரையே கேளுங்க டாக்டர். அவரும் டாக்டர்தான்."

சகாயம் ஓர் அட்டையைத் தொட்டுக் காட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

அன்றே ஆம்புலன்சில் புதுச்சேரிக்கு அனுப்பினார்கள். மருந்து ஒத்துக்கொள்ளாமல் உடம்பே தன் தோலைக் கழற்றிப்போடுகிறது, நாலைந்து நாள் கழித்து வந்திருந்தால் ஆளே மிஞ்சியிருக்கமாட்டார் என்றார்கள் அங்கே. தீக்காயக்காரர் மாதிரி படுக்கவைத்துப் பார்த்தார்கள். இமைகள் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க மணிக்கொரு தரம் சொட்டு மருந்து. சூளைக்குள் ஜுவாலையின் நிறம் பார்த்தே பதம் சொல்லும் கண். அது போய்விடுமோ என்ற பயத்தில் ஒரு வாரம் அவர் யாரையும் கேலி செய்யவில்லை. நான்சிக்கு அதுதான் பெரிய பயமாக இருந்தது.

பச்சமுத்து பார்க்க வந்தபோது வாசலிலேயே நின்றார். "ஆறு வருசமா நானும் அதத்தான் முழுங்குறேன். எனக்கு ஒண்ணும் ஆவல. ஒனக்கு மட்டும் ஏன்யா?"

"ஒன் ஒடம்பு ஒனக்கு, என் ஒடம்பு எனக்கு. டெஸ்டு சேத்துப் பண்ண முடியாதுபோல" என்றார் சகாயம். வந்ததிலிருந்து அவர் பேசிய முதல் குறும்பு அது. நான்சி முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள்.

மூன்றரை வாரத்தில் வீடு திரும்பினார். அந்த மாத்திரையை இனி எந்த நாளும் தொடக்கூடாது என்று பேரை எழுதி ஒரு சீட்டுக் கொடுத்திருந்தார்கள். எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் அதைக் காட்டவேண்டும். கண் வறண்டுபோனதால் கறுப்புக் கண்ணாடி. எஸ்டேட்டில் அதற்கும் ஒரு பட்டப்பேர் வைத்தார்கள்.

வந்த மறுநாளே, தான் மாத்திரை கொடுத்தவர்கள் வீட்டுக்கெல்லாம் போய் மிச்சத்தைத் திருப்பிக் கேட்டார். பாதிப் பேர் தரவில்லை. "நல்லா கேக்குதுங்க, இன்னும் ரெண்டு இருந்தா குடுங்க" என்றாள் மூட்டுவலிக்கு வாங்கியிருந்த பெரியம்மாள். "திங்கக்கெழம கெளம்பி இரு" என்றார் சகாயம்.

அடுத்த திங்கட்கிழமை டாக்டர் வாசுகியின் அறை வாசலில் பெரியம்மாள், பச்சமுத்து உட்பட ஏழு பேர் நின்றார்கள். எல்லாருக்கும் முன்னால் கறுப்புக் கண்ணாடியோடு சகாயம்.

"யாருங்க இவங்கல்லாம்?"

"என் பேஷண்டுங்க டாக்டர். உங்களுக்கு அனுப்பலாம்னு கூட்டியாந்தேன்."

டாக்டர் சிரிக்கவில்லை. சகாயம் நீட்டிய சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "மொதல்ல உங்க கண்ணக் காட்டுங்க" என்றார்.