கலாவின் காருக்கு டிரெய்லர் விளக்கு

“அந்த வயரை வெட்டாத, சிறி.”

சிறி குறடு பிடித்த கையை உயர்த்தினான். காரின் பின்விளக்கு கழற்றப்பட்டு வயரில் தொங்கிக்கொண்டிருந்தது.

“வெட்டேல்லை அக்கா. கிளிப் போட்டு டிரெய்லர் வயரை இதோட கொழுவப் போறன். அவ்வளவுதான்.”

“அப்ப அந்த டப்பா எதுக்கு? இன்னும் பிரிக்கவே இல்லையே?” என்றாள் கலா.

வெளிநாடு வந்து பொயிண்ட் குக்கில் குடியேறிய நாளிலிருந்து கலா யாரையும் முழுதாக நம்பியதில்லை. ஓடிய தூரம் குறைவாகத் தெரியும்படி மீட்டரைத் திருப்பி வைத்த பழைய காரை முதலில் அவள் தலையில் கட்டியிருந்தார்கள். வேலை முதியோர் இல்லத்தில். அங்கே மருந்தை இருவர் சரிபார்த்த பிறகே கொடுக்க வேண்டும். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. பால் கேனின் தேதியைக் கணவர் சடகோபன் வாசித்துச் சொன்னாலும், கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவளும் வாசிப்பாள்.

இந்தக் காரை நம்பித்தான் தொலைவில் இருக்கும் ஜீலாங் ஊரில் அதிகாலை ஷிஃப்டை ஒப்புக்கொண்டிருந்தாள். அந்நேரத்துக்கு ரயில் கிடையாது. கார் படுத்தால் ஷிஃப்ட் இன்னொருத்திக்குப் போய்விடும். சந்தையில் தோசைக் கடை போடும் ஆசையில், காருக்குப் பின்னால் இழுத்துப் போகும் டிரெய்லரை வாங்கியவர் சடகோபன். விளக்குப் பூட்ட அவர் அழைத்து வந்தது, கூட வேலை பார்க்கும் யாழ்ப்பாணத்துச் சிறியை.

புதுக் காரில் விளக்குக்கு மின்சாரம் கொடுப்பதே ஒரு கம்ப்யூட்டர். டிரெய்லர் பல்புகளின் சுமையையும் அதன்மேல் ஏற்றினால் கருகிவிடும். டப்பாவுக்குள் இருக்கும் கருவி, விளக்கு வயரிலிருந்து சைகையை மட்டும் எடுத்துக்கொள்ளும். மின்சாரம் பேட்டரியிலிருந்து ஃப்யூஸ் போட்ட தனி வயரில் வரும். இதையெல்லாம் சொல்லி டப்பாவை வாங்க வைத்தவனே சிறிதான். இப்போது அதைத் தொடாமல் இருக்கிறான் என்றால் ஏதோ இருக்கிறது.

“உண்மையைச் சொல்லு.”

சிறி சடகோபனைப் பார்த்தான். சடகோபன் வானத்தைப் பார்த்தார்.

“அண்ணைதான் சொன்னவர். இண்டைக்கு ஞாயிறு, நாலரைக்கு ராகு காலமாம், அதுக்குள்ள முடிக்கட்டாம். பேட்டரியில இருந்து வயர் இழுக்க நேரம் காணாது.”

“முதல் தடவை எரியுது கலா. கெட்ட நேரத்துல எரியக் கூடாதுல்ல?” என்றார் சடகோபன்.

“வெயில் காலம்னு இங்க கடிகாரத்தையே ஒரு மணி நேரம் தள்ளி வெச்சிருக்கான். சூரியனை வெச்சு வர்ற உங்க ராகுவும் வெள்ளக்காரன் பேச்சைக் கேட்டு முன்னாடியே வந்துருவாரா?”

சிறி சிரித்துவிட்டான். “ஓம் அண்ணை, அக்கா சொல்லுறது சரி. அவர் அஞ்சரைக்குத்தான் வருவார்.”

சடகோபன் விரல்விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, “சரி, செய்” என்றார்.

சிறி பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றினான். டப்பாவைப் பிரித்தான். கலா நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். வயர் போகும் வழியெல்லாம் டார்ச் அடித்தாள். ஃப்யூஸை வாங்கிக் கண்ணருகே வைத்துப் பார்த்தாள்.

“என்னை நம்பேல்லையோ அக்கா?”

“உன்னைக் கூட்டிட்டு வந்தவரையும் நம்பல.”

ஐந்தரைக்கு முன்பே, பேட்டரியை மறுபடி மாட்டியதும் டிரெய்லர் விளக்குகள் எரிந்தன. இடது, வலது, பிரேக். சடகோபன் கைதட்டினார். கலா தட்டவில்லை. அவள் வெளியே வருவதற்கு முன்பே கிளிப்பைக் கொழுவி ஒரு தரம் எரியவிட்டுக் கம்ப்யூட்டரைக் கெடுத்திருப்பானோ? கேட்டாள்.

“இல்லை அக்கா. சத்தியமா.”

அவன் சத்தியம் செய்தது அவளுக்குப் பிடிக்கவில்லை.

மறுநாள் திங்கட்கிழமை. கார் உடனே கிளம்பியது. எச்சரிக்கை விளக்கு எதுவும் வரவில்லை. கலா நேரத்துக்கு ஜீலாங் போய்ச் சேர்ந்தாள். இடைவேளையில் வெளியே வந்து காரைக் கிளப்பிப் பார்த்தாள். கிளம்பியது. அணைத்துவிட்டு உள்ளே போனாள். பிற்பகல் அதே காரில், ஷிஃப்டை இழக்காமல் வீடு திரும்பினாள்.